கன்று வீச்சு நோயும் கிருமியின் காப்புப் புரதங்களும்

சினைப் பசுவொன்று ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ கன்றை வீசிவிடுமாயின், அதற்கு நம் கிராமங்களில் கூறப்படும் காரணங்கள் பல. வரப்புத் தாண்டிக் குதித்தது என்பர் சிலர். மற்றொரு மாடு முட்டியது என்பர் சிலர். கண்ணேறு பட்டது என்பாரும் உளர். இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கொண்டு மனந்தேறிய மாட்டுக்காரர், வீசப்பட்ட கன்றையும் நஞ்சுக்கொடியையும் வாய்க்கால் ஓரத்தில் எறிந்துவிட்டு, அப்பசுவை அடுத்த சந்தையில் கைமாற்றிவிடுகிறார். எறிந்ததை நாய்கள் இழுத்துச் சென்று ஊரெங்கும் பரப்புகின்றன. விற்ற மாடோ வேறொரு தொழுவத்திற்கு நோயைக் கொண்டு செல்கிறது. மறு வருஷத்தில் அவருடைய தொழுவத்திலேயே இன்னும் இரண்டு பசுக்கள் கன்று வீசும்போதுதான், இது வரப்புத் தாண்டியதால் வந்ததன்று என்ற எண்ணம் அவருக்கு உதிக்கிறது.

அடிபடுவதாலும் கெட்ட தீவனத்தாலும் வேறு நோய்களாலும் கரு சிதைவதுண்டு, அதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரே தொழுவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பசுக்கள் ஐந்தாம் மாதத்திற்கு மேல் கன்று வீசுமாயின், முதலில் ஐயுறத்தக்கது புருசெல்லா என்னும் கிருமியால் உண்டாகும் கன்று வீச்சு நோயேயாம். இந்நோய் கண்ட மாட்டிற்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாகாதா என்று விவசாயிகள் கேட்பது இயல்பு. அதற்குரிய விடை கிருமியின் உள்ளமைப்பில் இருக்கிறது. அவ்விடையை அறிந்துகொண்டால், வருமுன் காக்கும் முறைகளில் ஏன் இத்துணைக் கண்டிப்பு வேண்டும் என்பதும் விளங்கும்.

கிருமி கண்டறியப்பட்ட வரலாறு

மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா தீவில் தங்கியிருந்த ஆங்கிலப் படை வீரர்களிடையே, விட்டுவிட்டு வரும் ஒருவகைச் சுரம் நெடுங்காலம் நிலவி வந்தது. டேவிட் புரூஸ் என்னும் படை வைத்தியர், அச்சுரத்தால் இறந்தோரின் மண்ணீரலில் ஒரு நுண்ணிய கிருமியைக் கண்டு 1887-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது மனிதரை அடையும் வழி பல ஆண்டுகள் விளங்கவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளீஸ் ஸம்மித் என்னும் மால்ட்டா வைத்தியர், வெளிப்பார்வைக்கு யாதொரு நோயுமின்றி விளங்கிய வெள்ளாடுகளிடம் இக்கிருமி இருத்தலைக் கண்டார். பச்சை ஆட்டுப்பாலே நோய்க்கு வாயில் என்பது தெளிவாயிற்று. 1906-இல் படை வீரர்களுக்கு அப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே சுரம் வெகுவாகக் குறைந்தது.

இதற்கிடையில், டென்மார்க் தேசத்தில் பெர்ன்ஹார்ட் பாங் என்னும் கால்நடை அறிஞர், பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியை 1897-இல் கண்டறிந்தார். ஆட்டின் கிருமியும் மாட்டின் கிருமியும் நெருங்கிய உறவுடையவை என்பதை அமெரிக்காவில் ஆலிஸ் ஈவான்ஸ் என்னும் அம்மையார் 1918-இல் நிலைநாட்டினார். பின்னர் புரூஸின் பெயரால் இவ்வினம் முழுவதும் புருசெல்லா என வழங்கலாயிற்று.

உடலின் காவலும் கிருமியின் போக்கும்

பசு நோயுற்ற கழிவுகளை முகர்ந்தாலும், அவை பட்ட தீவனத்தைத் தின்றாலும், கிருமி வாய், மூக்கு, கண் இவற்றின் மெல்லிய தோல் வழியாக உட்புகும். உட்புகுந்த அந்நியக் கிருமிகளைப் பிடித்து விழுங்கி அழிப்பதற்கென்றே உடலில் சில உயிரணுக்கள் உள. இவற்றை விழுங்கணுக்கள் என்பர். விழுங்கப்பட்ட கிருமி ஒரு சிறு பைக்குள் அடைபடுகிறது. அப்பைக்குள் அமிலம் சுரக்கிறது. உயிர்ப்பொருள்களைச் சிதைக்கும் வேறு கடும் பொருள்களும் பாய்கின்றன. இரும்பு முதலிய சத்துக்கள் கிருமிக்குக் கிட்டாதபடி தடுக்கப்படுகின்றன. சாதாரணக் கிருமி எதுவாயினும் இங்கே மாண்டு சீரணிக்கப்பட்டுவிடும்.

புருசெல்லாக் கிருமிகளிலும் பெரும்பாலானவை இவ்வாறே மடிகின்றன. ஆயினும் ஒரு சிறு பகுதி மடிவதில்லை. பிழைத்தவை அப்பையைச் சிறிது சிறிதாகத் தம் வசமாக்கி, உயிரணுவின் உட்பகுதியில் புரதம் உற்பத்தியாகும் இடத்தைச் சேர்ந்து, ஏறக்குறைய அரை நாளுக்குப் பின் அங்கேயே பெருகத் தொடங்குகின்றன. களவைத் தடுக்க வைத்த காவற்காரன் வீட்டிலேயே கள்வன் குடியேறியது போன்றதாகும் இது. பின்னர், காவற்காரன் செல்லுமிடமெல்லாம் கள்வனும் செல்கிறான். நிணக்கணு, மண்ணீரல், மடி, கருப்பை ஆகிய யாவற்றையும் அடைகிறான்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தொண்டை அடைப்பான், டெட்டனஸ் முதலிய நோய்களின் கிருமிகள் கொடிய நஞ்சைக் கக்கித் தீங்கு செய்கின்றன. புருசெல்லாவிடம் அத்தகைய நஞ்சு இல்லை. அதன் கொடுமையெல்லாம் உயிர் பிழைக்கும் திறமையிலேயே அடங்கியிருக்கிறது. அத்திறமைக்கு உதவுவனவற்றுள் முக்கியமானவை நெருக்கடிப் புரதங்கள் அல்லது காப்புப் புரதங்கள் எனப்படுபவை.

காப்புப் புரதங்கள் யாவை?

உயிருள்ள எப்பொருளும் தன் காரியங்களைப் புரதங்களைக் கொண்டே நடத்துகிறது. புரதம் என்பது நீண்டதோர் இழை. வாழை நாரோ தேங்காய் நாரோ திரித்து முறுக்கியபின்தான் கயிறாகி நுகத்தைக் கட்ட உதவுவதுபோல, புரத இழையும் உரிய முறையில் மடிந்து உருப்பெற்ற பின்பே தொழில் செய்யும். சூடு மிகுந்தாலும் அமிலம் பட்டாலும் அம்மடிப்பு அவிழும். அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிப் பயனற்றுப் போகும். முட்டையின் வெண்கரு கொதிநீரில் இறுகிப்போவது இதற்குக் கண்கூடான உதாரணம்.

இந்த ஆபத்தை எதிர்கொள்ள உயிர்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு என்பதற்கு முதல் தடயத்தை 1962-இல் ஃபெருச்சியோ ரித்தோஸா என்னும் இத்தாலிய அறிஞர் வெளியிட்டார். பழங்களில் மொய்க்கும் சிறு ஈயைச் சற்று மிகுந்த சூட்டில் வைத்தபோது, அதன் பாரம்பரிய இழைகளில் சில இடங்கள் மட்டும் புடைத்தெழுவதை அவர் கண்டார். அவ்விடங்களின் கட்டளையால் சில தனிப் புரதங்கள் மிகுதியாக உண்டாகின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. நுண்கிருமி முதல் மனிதன் வரை ஏறக்குறைய எல்லா உயிர்களிடமும் இத்தகைய புரதங்கள் உள்ளன. இவை சூட்டில் மட்டுமன்றி, அமிலம், பசி முதலிய வேறு நெருக்கடிகளிலும் பெருகுகின்றன.

இவற்றின் வேலை மூவகைப்படும். டிஎன்ஏகே என்னும் புரதம், அவிழ்ந்த இழையைப் பற்றிக்கொண்டு, அது பிறவற்றோடு சிக்காமல் மீண்டும் மடியுமாறு செய்கிறது. குரோ-ஈ-எல் என்பது ஏழேழு துண்டுகளாலாகிய இரண்டு வளையங்கள் அடுக்கிய குதிர் போன்றது. அதற்கு மூடியும் உண்டு. சிக்கலான இழை உள்ளே சென்றதும் மூடி விழுகிறது. இழை தனிமையில் மடிந்து செம்மையான உருவோடு வெளிவருகிறது. எச்டிஆர்ஏ போன்ற மூன்றாம் வகையினவோ, இனிப் பழுதுபார்க்க இயலாது என்னும்படி கெட்ட இழைகளை நறுக்கி அப்புறப்படுத்துகின்றன. வெள்ளத்தால் உடைந்த கரையை ஊரார் கூடி அடைப்பதுபோல, இவை கிருமிக்குள் ஓயாது மராமத்து வேலை செய்கின்றன.

ஆராய்ச்சி காட்டிய உண்மைகள்

இப்புரதங்களுக்கும் நோயின் கடுமைக்கும் உள்ள தொடர்பு, கன்றுகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் சால்மொனெல்லாக் கிருமியில் முதலில் நன்கு ஆராயப்பட்டது. விழுங்கணுவுக்குள் புகுந்த அக்கிருமி முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களைப் புதிதாகவோ மிகுதியாகவோ செய்கிறதென்று 1990-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அவற்றுள் முதன்மையானவை டிஎன்ஏகேயும் குரோ-ஈ-எல்லுமே. மறு வருஷத்தில், எச்டிஆர்ஏ இல்லாதபடி செய்யப்பட்ட சால்மொனெல்லாக் கிருமி சுண்டெலிகளிடம் நோய் விளைக்கும் ஆற்றலை இழந்தது என்பதும் வெளியாயிற்று. இவ்வுண்மையைப் பயன்படுத்தி, டைபாய்டு கிருமியில் அப்புரதத்தை நீக்கி, அதை மனிதருக்குத் தடுப்பு மருந்தாக்கலாமா என்று பின்னர்ச் சோதித்துள்ளனர்.

புருசெல்லா விஷயத்தில் 1996-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெளிவானது. பன்றிகளைத் தாக்கும் புருசெல்லா வகையொன்றில் டிஎன்ஏகே உண்டாகாதபடி செய்து, அதை விழுங்கணுக்களிடம் விட்டார்கள். அக்கிருமி உடனே மடிந்துவிடவில்லை. ஆனால் பெருகவும் முடியவில்லை. மாற்றப்படாத கிருமியோ வழக்கம்போல் பெருகிற்று. ஆகவே, காவற்காரன் வீட்டில் குடியேறிக் குடும்பம் பெருக்க இம்மராமத்துப் புரதம் இன்றியமையாதது என்பது பெறப்பட்டது.

எல்லாக் காப்புப் புரதங்களும் இவ்வாறே முக்கியமானவை என்று முடிவு செய்தல் தகாது. எச்டிஆர்ஏ இல்லாத மாட்டுப் புருசெல்லா வலுவிழந்தது என்று 1994-இல் எழுதப்பட்டது. பிற்பாடு அதே ஆராய்ச்சியாளர்கள் ஆய்ந்தபோது, அக்கிருமியில் வேறொரு குறையும் தற்செயலாகச் சேர்ந்திருந்தமை தெரிந்தது. எச்டிஆர்ஏ மட்டும் நீக்கப்பட்ட கிருமி சுண்டெலிகளிடம் முன்போலவே கடுமையாயிருந்ததை 2001-இல் அவர்களே வெளியிட்டனர். ஒரு கிருமிக்குப் பொருந்துவது மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இது நல்ல பாடம்.

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கிருமி அடைபட்ட பையில் அமிலத்தன்மை ஒரு மணி நேரத்திற்குள் மிகுந்துவிடுகிறது. அவ்வமிலம் கிருமியைக் கொல்லவே சுரப்பது. ஆனால் அதைத் தொடக்கத்திலேயே மருந்தால் தடுத்தபோது புருசெல்லாவால் பெருக முடியவில்லை. காரணம் யாதெனில், இக்கிருமி அமிலத்தின் உறைப்பையே, தான் எங்கே வந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளும் குறியாகக் கொள்கிறது. அக்குறி கிட்டியதும் ஒருபுறம் காப்புப் புரதங்கள் வேலை செய்கின்றன. மறுபுறம், உயிரணுவைத் தன் வசமாக்கும் பொருள்களைச் செலுத்தும் கருவி கிருமியின் மேற்புறத்தில் உருவாகிறது. அடிக்க ஓங்கிய கோலையே பற்றி ஏறிவிடும் எதிரி இது.

கருப்பையில் நேர்வது

சினைப் பசுவின் கருப்பையில் எரித்ரிட்டால் என்னும் ஒருவகை இனிப்புப் பொருள் உண்டாகிறது. புருசெல்லாவுக்கு இது மிக உகந்த உணவு. ஆதலின், அதுகாறும் அடங்கியிருந்த கிருமி சினையின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடியில் கோடிக்கணக்காகப் பெருகி, கருவுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைக் கெடுக்கிறது. கன்று இறந்து வீழ்கிறது. நஞ்சுக்கொடியும் பெரும்பாலும் விழாமல் தங்கிவிடுகிறது.

பெரும்பாலான பசுக்கள் ஒரே முறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் நிறைமாதக் கன்றை ஈனக்கூடும். இதனைக் கண்டு நோய் நீங்கிற்று என்று கருதுதல் பெரும் பிழை. கிருமி மடியிலும் நிணக்கணுக்களிலும் தங்கி, பாலிலும் ஒவ்வோர் ஈற்றின் கழிவுகளிலும் வெளிப்பட்டுக்கொண்டேயிருக்கும். நோயுற்ற தாய்க்குப் பிறந்த கிடாரிகளுள் சில, சோதனையில் யாதொன்றும் காட்டாமல் வளர்ந்து, தம் முதற் சினையின்போதே நோயை வெளிப்படுத்துவதும் உண்டு.

மருந்தும் தடுப்பூசியும்

உயிரணுவுக்குள் ஒளிந்து, தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் கிருமியை மருந்து எளிதில் எட்டாது. இந்நோய் கண்ட மனிதருக்கே டாக்ஸிசைக்ளின் முதலிய மருந்துகளை ஒன்றுக்கு மேற்பட்டு இணைத்து ஆறு வாரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்ஙனம் செய்தும் சிலருக்கு நோய் மீள்கிறது. பசுவுக்கு இம்முறையைக் கையாளுதல் செலவு மிக்கது, பலனும் உறுதியன்று. ஆகவே மாட்டைப் பொறுத்தவரை, வருமுன் காப்பதொன்றே வழி.

இதற்கு உதவும் தடுப்பூசி எஸ்-19 எனப்படும். 1923-இல் அமெரிக்காவில் பக் என்னும் அறிஞர் ஒரு ஜெர்ஸி பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமி, ஆராய்ச்சிசாலையில் சாதாரண வெப்ப நிலையில் ஓராண்டுக்கு மேல் கிடந்து, கடுமை குன்றியதாகக் காணப்பட்டது. அதுவே இன்றும் தடுப்பூசியாகப் பயன்படுகிறது. கொடிய புருசெல்லா எரித்ரிட்டாலை உண்டு செழிக்க, எஸ்-19 அதே பொருளால் தடைப்படுகிறது. இது உயிருள்ள கிருமி. உயிரணுவுக்குள் புகுந்து சில காலம் வாழ்ந்து மடியும் கிருமிதான், ஒளிந்திருக்கும் எதிரியை இனங்காண விழுங்கணுக்களையும் அவற்றிற்குத் துணையான அணுக்களையும் நன்கு பழக்கவல்லது.

தேசிய விலங்கு நோய்த் தடுப்புத் திட்டம் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதன்படி, 4 மாதம் முதல் 8 மாதம் வரை வயதுள்ள பசுங்கிடாரிக் கன்றுகளுக்கும் எருமைக் கிடாரிக் கன்றுகளுக்கும் வாழ்நாளில் ஒரு முறை இவ்வூசி போடப்படுகிறது. காளைக் கன்றுகளுக்கும் சினைப் பசுக்களுக்கும் இதனைப் போடுதல் கூடாது. வயது கடந்த மாட்டிற்குப் போட்டால், பின்னர் இரத்தச் சோதனையில் ஊசியால் வந்த குறி எது, நோயால் வந்த குறி எது என்று பிரித்தறிதல் கடினமாகும். உயிருள்ள மருந்தாதலின், ஊசி போடுவோரும் கன்றைப் பிடிப்போரும் அது தம் கண்ணிலோ காயத்திலோ படாதவாறு காத்துக்கொள்ள வேண்டும்.

மாடு வளர்ப்போர் செய்யவேண்டியவை

1. கன்று வீசிய பசுவை உடனே தனியே கட்டுக. கழிவு நின்று, கால்நடை வைத்தியர் இரத்தம் சோதித்துக் கூறும்வரை மற்ற மாடுகளோடு சேர்க்கலாகாது.

2. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர். தங்கிய நஞ்சுக்கொடியைக் கைவிட்டு இழுப்பதும் வேண்டாம். கையுறையணிந்து அப்புறப்படுத்தி, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும், அல்லது எரித்துவிடவும்.

3. அவ்விடத்து வைக்கோலையும் குப்பையையும் எரித்து, தரையை வெளுப்புத் தூள் கரைத்த நீரால் கழுவவும். இக்கிருமி நேர் வெயிலில் சில மணி நேரத்தில் மடியும். நிழலும் ஈரமும் உள்ள இடத்திலோ மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

4. பாலைக் காய்ச்சியே பருகுக. 63 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தாலே கிருமி மடியும். பொங்கக் காய்ச்சினால் ஐயமே இல்லை. கறந்த சூட்டோடு பாலருந்துவது உடலுக்கு வலுவென்னும் எண்ணத்தை அடியோடு விடுக.

5. சந்தையில் வாங்கிய மாட்டைச் சோதனை முடியுமுன் தொழுவத்தில் சேர்க்காதீர். ஊர்ப் பொலிகாளையையும் சோதித்தறிக. விதை வீங்கிய காளையைச் சினைக்கு விடலாகாது.

6. வீட்டில் எவருக்கேனும் விட்டுவிட்டு வரும் சுரமும், இரவில் வியர்வையும், இடுப்பிலும் மூட்டுகளிலும் வலியும் இருக்குமாயின், வைத்தியரிடம் தொழுவத்தில் பசு கன்று வீசிய செய்தியையும் சேர்த்துச் சொல்லுக. அதைச் சொல்லாமையால், வேறு சுரமென்று கருதி மாதக்கணக்கில் மருந்துண்போர் உண்டு.

கிராம அலுவலர்களின் கடமை

2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோய் இடம்பெற்றுள்ளது. அட்டவணையிலுள்ள நோய் கண்டதென்று ஐயுறும் மாட்டுக்காரர், கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ அதைத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க ஏற்பாடு உள்ளது. நோயுற்ற மாட்டைப் பிறவற்றினின்று பிரித்து வைப்பதும் சட்டத்தின் விதியே.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. நோயைச் சொன்னால் தன் பாலை எவரும் வாங்கார், தன் மாட்டிற்கு விலை இராது என்று அஞ்சியே ஏழை மாட்டுக்காரர் மறைக்கிறார். அவ்வச்சம் காரணமற்றதன்று. எனவே அலுவலர் அவரைக் குற்றவாளிபோல் நடத்தாமல், செய்தியைக் கொண்டுவந்தமைக்காக மதித்து, ஊசி போடும் நாளை முன்னரே ஊரறியச் செய்து, எந்த வீட்டுக் கிடாரிக் கன்றும் விடுபடாதபடி பார்த்துக்கொள்வாராயின், அதுவே பெரிய உதவியாகும்.

அமிலத்திலும் பட்டினியிலும் பிழைத்துக் காத்திருக்கக் கற்ற கிருமி இது. ஒரு முறை உயிரணுவுக்குள் குடியேறிவிட்டால் அதை வெளியேற்றுதல் அரிது. அது குடியேறுமுன் அடைக்கவேண்டிய வழிகளோ சிலவே: கிடாரிக்கு ஓர் ஊசி, நஞ்சுக்கொடிக்கு ஒரு குழி, பாலுக்கு ஒரு கொதி, சந்தை மாட்டிற்கு ஒரு சோதனை. வெள்ளம் வருமுன் அணை கோலும் விவசாயிக்கு இவை அரியன அல்ல.